சந்தேகம் வரைந்த பெட்டிகள்

அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. சீனம் தெரிய வழியே இல்லை. ஆனாலும் சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர் யார் வந்தாலும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "கோடாலித் தைலம் இருந்தா ரெண்டு குடுத்துட்டுப் போ." அந்தக் கம்பெனியின் பெயர் என்ன, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் கேட்டதில்லை. கோடாலி போட்டிருக்கும். அவ்வளவு போதும்.

போன வருடம் அதே மாதிரி ஒரு பாட்டில் இங்கேயே ஒரு கடையில் கிடைத்தது. பெருமையாக வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அம்மா மூடியைக்கூடத் திறக்கவில்லை. பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். "டேய், இது நம்ம கோடாலி இல்லடா. வாய் மொண்ணையா இருக்கு பாரு." பழைய பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உண்மைதான். மொண்ணையாகத்தான் இருந்தது.

நான் பிழைப்புக்குப் பெட்டி டிசைன் செய்கிறவன். ஊறுகாய், ஊதுபத்தி, கூந்தல் தைலம் என்று பதினைந்து வருடமாக லேபிள் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் கண்ணுக்குப் படாதது அம்மாவின் கண்ணுக்குப் பட்டுவிட்டது. கொஞ்சம் அவமானமாக இருந்தது. அதிலிருந்துதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. சீன மருந்துப் பெட்டி எங்கே கண்ணில் பட்டாலும் வாங்கிவிடுவேன். உள்ளே இருப்பதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. பெட்டிதான் வேண்டும்.

எங்கள் தொழிலில் முதல் பாடம் "இடம் விடு" என்பது. வெற்றிடம்தான் அழகு, கண்ணுக்கு மூச்சுவிட இடம் கொடு என்பார்கள். சீன மருந்துப் பெட்டி இந்தப் பாடத்தைக் காதிலேயே போட்டுக்கொள்ளாது. நாலு பக்கமும் எழுத்து, அதைச் சுற்றி ஒரு பூவேலைக் கரை, கரைக்குள் ஒரு படம், படத்துக்குள் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு கிழவரின் முகம், மூலையில் ஒரு சிவப்பு முத்திரை. பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு துண்டுச்சீட்டு. அதிலும் இதே கூட்டம். முதலில் இதைப் பாமர ரசனை என்றுதான் நினைத்தேன். போகப் போகத்தான் புரிந்தது. அங்கே ஒவ்வொரு கோடும் ஒரு கேள்விக்குப் பதில். வாங்குகிறவர் மனதில் இருக்கும் கேள்வி: "இது அசலா?"

மருந்து வாங்குகிறவரின் சங்கடமே தனி. துணி வாங்கினால் தடவிப் பார்க்கலாம், அரிசி என்றால் வாயில் போட்டுக் கடிக்கலாம். கறுப்பாக, உருண்டையாக ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்து "இதில் கஸ்தூரி இருக்கிறது, முத்துப்பொடி இருக்கிறது" என்றால் எப்படிச் சரிபார்ப்பது? சாப்பிட்ட பிறகும் தெரியாது. குணமானால் மருந்தால் ஆனதா, தானாக ஆனதா? இந்தச் சந்தேகம்தான் அந்த ஊர் மருந்துப் பெட்டியின் முதல் டிசைனர் என்பது என் கட்சி.

இந்தக் கதையின் பழைய சாட்சியே மருந்து சம்பந்தப்பட்டது இல்லை, ஊசி சம்பந்தப்பட்டது. பெய்ஜிங்கில் உள்ள சீன தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு செப்புத் தகடு இருக்கிறது. ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் அகலம். சோங் வம்சக் காலத்தது. ஜீனான் நகரத்தில் லியூ குடும்பத்தார் நடத்திய ஊசிக்கடை, பொட்டலத் தாளில் அச்சடிக்க வைத்திருந்த தகடு அது. மேலே கடைப் பெயர், நடுவில் உலக்கை பிடித்து இடிக்கும் ஒரு வெள்ளை முயல், இரண்டு பக்கமும் "வாசலில் உள்ள வெள்ளை முயலைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள்" என்ற பொருளில் ஒரு வாசகம், கீழே சரக்கின் தரமும் மொத்தமாக வாங்குவோருக்கான சலுகையும். ஆயிரம் வருடத்துக்கு முந்திய லேபிளில் லோகோ, முகவரி, தர உறுதி, தள்ளுபடி எல்லாம் இருக்கின்றன. நான் இன்றைக்குப் போடுகிற லேபிளில் கூடுதலாக இருப்பது பார்கோடு மட்டும்தான்.

அந்த முயல் இடிப்பது என்ன தெரியுமா? மருந்து. நிலாவில் நாம் பாட்டி வடை சுடுவதைப் பார்க்கிறோம். சீனர்கள் அங்கே சாகாமருந்து இடிக்கும் முயலைப் பார்க்கிறார்கள். ஊசிக்கடைக்காரர் ஏன் மருந்து முயலைப் பிடித்தார்? ஊரில் எல்லோருக்கும் தெரிந்த உருவம் என்பதால் இருக்கலாம், உலக்கையை ஊசியாகத் தேய்க்கும் பழங்கதை ஒன்றும் அங்கே உண்டு. எப்படியோ, படிக்கத் தெரியாதவர் கடையைக் கண்டுபிடிக்க முயல் போதும். அம்மாவுக்குக் கோடாலி மாதிரி.

12ஆம் நூற்றாண்டில் ஜாங் ஸெதுவான் வரைந்த ஆற்றங்கரைத் திருவிழாச் சுருள் ஓவியம் ஒன்று உண்டு. சீனாவின் மிகப் புகழ்பெற்ற ஓவியம் அதுவாகத்தான் இருக்கும். அதன் கோடியில் ஒரு மருந்துக்கடை வருகிறது. வாசலில் ஆளுயரப் பலகைகள். ஒன்றில், குடித்துக் கெட்ட உடம்புக்கு மாத்திரை கிடைக்கும் என்று விளம்பரம். ஓவியத்தின் மற்ற பகுதிகளில் இருக்கும் மதுக்கடைகளைப் பார்த்தால் வியாபாரம் நன்றாகத்தான் நடந்திருக்கும்.

படிக்கத் தெரியாத வாடிக்கையாளருக்காக மருந்துக்கடைகள் தெருவில் தொங்கவிட்ட அடையாளங்கள் இன்னும் அழகு. எனக்கு மிகவும் பிடித்தது பத்துக்கடைப் பலகை. மூட்டுவலிக்கு ஒட்டும் கறுப்புப் பத்து இருக்கிறதே, சதுரத் துணியின் நடுவில் வட்டமாகக் களிம்பு தடவியது, அதையே மரத்தில் செய்து மாட்டிவிடுவார்கள். வெள்ளைச் சதுரம், நடுவே கறுப்பு வட்டம். சதுரத்தைக் கோணலாக நிறுத்தி, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்து, மேலும் கீழும் பாதிச் சதுரம் வைத்து, அடியில் ஒரு மீன். மீன் கண்ணை மூடாது, அதனால் கடையும் இரவு பகல் திறந்திருக்கும் என்று ஒரு விளக்கம். மீனுக்கான சொல்லும் குணமாவதற்கான சொல்லும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும் என்று இன்னொரு விளக்கம். ஐரோப்பாவில் வட்டத்தையும் சதுரத்தையும் வைத்து நவீனக் கலை என்று கொண்டாடுவதற்கு வெகுகாலம் முன்பே, பெய்ஜிங் தெருவில் அது மூட்டுவலிக்கு விற்றுக்கொண்டிருந்தது.

சுரைக்குடுக்கை இன்னொரு அடையாளம். சந்தையில் மருந்து விற்ற கிழவர் ஒருவர் மாலையானதும் தன் குடுக்கைக்குள்ளேயே குதித்து மறைந்துவிடுவார் என்று பிற்கால ஹான் வம்ச வரலாற்று நூலில் ஒரு கதை வருகிறது. அன்றிலிருந்து குடுக்கை தொங்கினால் வைத்தியர் இருக்கிறார் என்று அர்த்தம். இன்றைக்கும் பிளாஸ்டிக் மருந்துப் புட்டிகளைக் குடுக்கை வடிவத்தில் செய்கிறார்கள். கையில் வழுக்கும், அலமாரியில் அடுக்க வராது. ஆனாலும் விடமாட்டார்கள்.

இனி பொட்டலத்துக்கு வருகிறேன். என்னை முழுசாகச் சாய்த்தது இதுதான்.

பழைய காலத்து நல்ல மருந்துக்கடைகளில் சீட்டைக் கொடுத்தால், பத்துப் பன்னிரண்டு மூலிகையை எடுத்து மொத்தமாகக் கொட்டிக் கட்டிக் கொடுத்துவிட மாட்டார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிச் சின்னப் பொட்டலமாக மடிப்பார்கள். ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஒரு சின்ன அச்சுச் சீட்டு. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தது. அதில் அந்தச் செடியின் படம், பெயர், குணம். வீட்டுக்குப் போய்ப் பிரித்து, படத்தையும் சரக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். "கடைக்காரன் ஏமாற்றிவிட்டானோ" என்ற கேள்விக்குக் கடைக்காரரே பதிலை உள்ளே வைத்து அனுப்புகிறார். சின்னப் பொட்டலங்களைக் கோபுரம் மாதிரி அடுக்கி, மேலே கடைப் பெயர் அச்சடித்த சிவப்புத் தாளை வைத்து, காகிதக் கயிற்றால் குறுக்கே நெடுக்கே கட்டி, தூக்கிப் பிடிக்க ஒரு வளையமும் விட்டுவிடுவார்கள். தெருவில் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர் காசு வாங்காத விளம்பரப் பலகை.

மாத்திரைக்கும் களிம்புக்கும் சுற்றிக் கொடுத்த அச்சுத்தாளுக்கு ஃபாங்தான் என்று பெயர். என்ன மருந்து, எப்படிச் சாப்பிடுவது என்பதோடு, நம் கடை எந்தத் தெருவில், எந்தக் கோயிலுக்கு எதிரே, எத்தனையாவது வாசல், வேறெங்கும் கிளை கிடையாது, எங்கள் பெயரைத் திருடிப் பிழைக்கும் அயோக்கியர்களிடம் ஏமாறாதீர்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். சில தாள்களில் மருந்தைப் பற்றிய வரிகளைவிடப் போலிக்காரர்களைத் திட்டும் வரிகள் அதிகம். பூவேலைக் கரையும் அழகுக்காக மட்டும் வந்ததில்லை. நுணுக்கமாகச் செதுக்கச் செதுக்க, போலிக்காரனுக்கு அதே மாதிரி ஒரு கட்டை செதுக்குவது கஷ்டம். ரூபாய் நோட்டில் கோலம் போல வளைந்து நெளியும் கோடுகள் இருக்கின்றனவே, அதே தந்திரம்.

மெழுகு உருண்டையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தேனில் பிசைந்த மாத்திரைகள் நெல்லிக்காய் அளவுக்கு இருக்கும், மெத்தென்று இருக்கும், காற்றுப் பட்டால் கெட்டுவிடும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மர உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, உருக்கிய மெழுகில் சில தடவை முக்கி எடுப்பார்கள். மெழுகு இறுகியதும் நடுவில் கத்தியால் வெட்டுவார்கள். முழுசாக வெட்டாமல் ஓரத்தில் கொஞ்சம் விடுவார்கள், அது கீல் மாதிரி பிடித்துக்கொள்ளும். மர உருண்டையை எடுத்துவிட்டு மாத்திரையை உள்ளே வைத்து, வெட்டை மூடி, சூடுகாட்டி ஒட்டி, மேலே கடைப் பெயரை முத்திரை குத்துவார்கள். பிங்பாங் பந்து மாதிரி ஒரு வெள்ளை உருண்டை, அதில் சின்னதாக ஒரு சிவப்பு முத்திரை. என்னிடம் ஒன்று இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் பட்டுத்துணி, பட்டுக்குள் மெழுகு, மெழுகுக்குள் தாள், தாளுக்குள் மாத்திரை. இந்த முத்திரையை உடைக்காமல் உள்ளே யாரும் கைவைத்திருக்க முடியாது. உடைக்கிற முதல் ஆள் நீங்கள்தான். "சீல் உடைந்திருந்தால் வாங்காதீர்கள்" என்று நாம் பிளாஸ்டிக் மூடியில் எழுதுவதை, அவர்கள் எழுதாமலே சொல்லிவிட்டார்கள்.

இப்படி மெழுகு உருண்டைகளுக்குப் பேர்போன கடை பெய்ஜிங்கின் தோங் ரென் தாங். 1669-ல் தொடங்கியது. 1723-லிருந்து அரண்மனைக்கு மருந்து கொடுத்தது, சிங் வம்சம் முடியும்வரை 188 வருடம். அரசரே சாப்பிடும் மருந்து என்பதைவிடப் பெரிய லேபிள் என்ன வேண்டும்? ஆனால் அவர்கள் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது வேறு. அந்தக் காலப் பெய்ஜிங்கில் வசந்தம் வந்தால் சாக்கடைகளைத் திறந்துபோட்டுத் தூர்வாருவார்கள். ராத்திரியில் கால் வைத்தால் உள்ளே விழவேண்டியதுதான். தோங் ரென் தாங் அந்தக் குழிகளின் ஓரமெல்லாம் கடைப் பெயர் எழுதிய விளக்குகளை ஏற்றி வைத்தது. ஊரே இருட்டாக இருக்கும்போது வெளிச்சத்தில் தெரிவது ஒரு பெயர் மட்டும். புண்ணியமும் ஆச்சு, விளம்பரமும் ஆச்சு.

ஹாங்சோவில் ஹூ ஷுவேயான் என்ற பெரும் பணக்காரர் 1874-ல் ஹூ சிங் யூ தாங் மருந்துக்கடையைத் தொடங்கினார். கோட்டைச் சுவர் மாதிரி உயர்ந்த வெள்ளைச் சுவரில், தெருக்கோடியிலிருந்தே தெரியும்படி கறுப்பில் ஏழு எழுத்து. இன்றைக்கும் இருக்கிறது, அருங்காட்சியகமாகவும் கடையாகவும். உள்ளே எல்லாப் பலகைகளும் வாடிக்கையாளரைப் பார்த்து மாட்டப்பட்டிருக்க, ஒன்றே ஒன்று மட்டும் கடைக்காரர்களைப் பார்த்து, உள்பக்கமாக மாட்டியிருக்கிறது. 1878-ல் அவரே எழுதியது. இரண்டு எழுத்து: ஏமாற்றாதே. வேலையாட்களுக்குச் சொன்னதுதான் என்றாலும், வந்துபோகிறவர்கள் எட்டிப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? வெளியே மாட்டினால் விளம்பரம் என்பார்கள். உள்ளே மாட்டினால் நம்புவார்கள். ஹூ ஷுவேயான் கெட்டிக்காரர்.

இவ்வளவும் யோக்கியர்கள் கதை. இந்த வரலாற்றில் எனக்குப் பிரியமான ஆள் யோக்கியரா என்பது தெரியாது.

ஹுவாங் சூஜியு. ஷாங்ஹாய் வியாபாரி. கண் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனப் பட்டணங்களில் மேல்நாட்டு மருந்துக்குத் தனி மவுசு. ஹுவாங் பார்த்தார். உள்ளூரில் ஒரு மூளை டானிக் தயாரித்து, ஒரு வெள்ளைக்கார டாக்டர் கண்டுபிடித்தது என்று சொல்லி, ஆங்கில எழுத்தோடு லேபிள் போட்டார். டாக்டர் பெயர் யேல். அப்படி ஒரு டாக்டர் பூமியில் இல்லை. ஹுவாங் என்ற குடும்பப் பெயருக்கு மஞ்சள் என்று பொருள். மஞ்சளுக்கு ஆங்கிலத்தில் 'யெல்லோ'. அதைச் சுருக்கினால் யேல். தன் பெயரையே மொழிபெயர்த்து வெள்ளைக்காரனாக்கிவிட்டார்! டானிக் பிய்த்துக்கொண்டு போனது. ஒருநாள் ஒரு வெள்ளைக்காரர் கடைக்கு வந்து "நான்தான் டாக்டர் யேலின் மகன், என் பங்கைக் கொடு" என்று மிரட்டியதாகவும், ஹுவாங் அசராமல் பணத்தைக் கொடுத்து, டாக்டரின் மகனே வந்து ஒப்புக்கொண்டார் என்று அதையும் விளம்பரமாக்கியதாகவும் ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, இந்த ஆளுக்குப் பொருந்துகிறது.

அடுத்த வேலை இன்னும் பெரியது. ஜப்பானில் ஒசாகாவைச் சேர்ந்த மொரிஷிதா ஹிரோஷி 1905-ல் ஜின்தான் என்ற சின்ன மாத்திரையை விற்கத் தொடங்கினார். வாய்நாற்றம், வயிற்றுக்கோளாறு, தலைசுற்றல் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அதன் அடையாளம் ஒரு மீசைக்காரர். இரட்டை முனைத் தொப்பி, மார்பில் பதக்கங்கள், முனை மேல்நோக்கி வளைந்த மீசை. சீனாவின் ஊர்ச் சுவர்களில் எல்லாம் அந்த மீசை ஏறியது. அந்தப் பெயரின் எழுத்துகளைச் சீனத்தில் ரென்தான் என்று படிப்பார்கள். ரென் என்றால் இரக்கம், தான் என்றால் மாத்திரை. ஹுவாங் 1911-ல் தன் மாத்திரையை இறக்கினார். அதுவும் ரென்தான். அதே ஒலி, ஆனால் வேறு எழுத்து. மனிதன் என்று பொருள்படும் ரென். மீசைக்காரருக்குப் பதிலாக டிராகனும் புலியும். காதால் கேட்டு வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்று, கண்ணால் பார்க்கிறவருக்கு வேறு வேறு. ஜப்பான்காரர்கள் வழக்குப் போட்டார்கள். பல வருடம் இழுத்தது. கடைசியில் ஹுவாங் பக்கம்தான் ஜெயித்தது. நடுவில் 1919-ல் மே 4 இயக்கம் வந்து ஜப்பானியப் பொருள்களைப் புறக்கணியுங்கள் என்று மாணவர்கள் தெருவில் இறங்க, டிராகனும் புலியும் தேசபக்தி மாத்திரை ஆகிவிட்டன.

ஷாங்ஹாய்க் காலண்டர்களைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம், அதனால் சுருக்குகிறேன். 1914-ல் ஜெங் மான்துவோ என்ற இளம் ஓவியர் ஷாங்ஹாயில் ஒரு தோட்டத்தில் தன் அழகிகளின் படங்களை மாட்டி வைத்திருந்தார். அதை வாங்கிக் காலண்டருக்குக் கொண்டுபோனவரும் நம் ஹுவாங்தான். கரித்தூளைத் தேய்த்து நிழல் போட்டு, மேலே நீர்வண்ணம் பூசுவது ஜெங்கின் முறை. கன்னம் நிஜமாகவே மெத்தென்று தெரியும். புத்தாண்டுக்குக் கடைக்காரர்கள் இலவசமாகக் கொடுத்த இந்தத் தாள்களில் நடுவில் அழகி, சுற்றிலும் ஓரத்தில் மருந்துப் புட்டிகள். அழகிக்கும் அஜீரணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. நம் ஊர்க் காலண்டரில் முருகனுக்குக் கீழே சிமெண்டு விற்பதை நாமும் கேட்டதில்லை.

தெற்கே, கான்டன், ஹாங்காங் பக்கம், முகத்தை நம்பினார்கள். மருந்தைக் கண்டுபிடித்தவரின் போட்டோவையே வட்டத்துக்குள் வைத்துப் பெட்டியில் அச்சடித்தார்கள். ஹாங்காங்கின் வோங் தோ யிக் வலித் தைலம் இதற்கு நல்ல உதாரணம். யாரும் சிரிப்பதில்லை. காலரை இறுக்கிப் பூட்டி, ரேஷன் கார்டு போட்டோ மாதிரி நேரே பார்க்கிறார்கள். "இது என் மருந்து, கெட்டால் என் முகத்தில்தான் கரி" என்கிற பார்வை. நின் ஜியோம் இருமல் பாகு அதிலும் ஒரு படி மேலே போய், முகத்துக்குப் பதில் ஒரு காட்சியையே போட்டது. உட்கார்ந்திருக்கும் வயதான தாய், பணிவிடை செய்யும் மகன். மாவட்ட அதிகாரி ஒருவர் தாயின் தீராத இருமலுக்குப் புகழ்பெற்ற வைத்தியர் யே தியான்ஷியிடம் செய்முறை வாங்கினார், தாயின் கடைசி ஆசைப்படி அதை ஊருக்கெல்லாம் கொடுத்தார் என்பது கதை. நின் ஜியோம் என்பதற்கே தாயை நினைத்து என்று பொருள். தாயையே படம் போட்டவன் கலப்படம் செய்வானா? 2018-ல் நியூயார்க்கில் சளிக்காய்ச்சல் மோசமாக இருந்தபோது இந்தப் பாகுக்கு அங்கே திடீர்க் கிராக்கி வந்தது. அந்தக் கதையைப் படிக்கத் தெரியாத அமெரிக்கர்களும் தாயும் மகனும் போட்ட பெட்டியைத் தேடி அலைந்தார்கள்.

இனி புலி. ஃபூஜியன் மாகாணத்து ஹக்கா குடும்பத்தைச் சேர்ந்த ஆவ் சூ கின் ரங்கூனில் எங் ஆன் தோங் என்ற மருந்துக்கடை வைத்திருந்தார். 1908-ல் அவர் இறந்தபின் கடை மகன்கள் பூன் ஹாவ், பூன் பார் கைக்கு வந்தது. பூன் ஹாவ் என்றால் சாந்தமான புலி. பூன் பார் என்றால் சாந்தமான சிறுத்தை. அவர்கள் விற்ற களிம்புக்குச் சீனத்தில் பெயர் வேறு: பத்தாயிரம் பொன் எண்ணெய். இன்று சீனத்தில் அந்தச் சொல்லுக்கு எல்லா வேலையும் அரைகுறையாகத் தெரிந்தவர் என்றும் ஒரு கேலிப் பொருள் உண்டு, எல்லா வலிக்கும் ஒரே களிம்பு அல்லவா! ஆனால் உலகம் அதை அறிந்தது மூத்தவரின் பெயரில் இருந்த புலியால். அறுகோணக் கண்ணாடி ஜாடி, அதன் மேல் பாயும் புலி. 1920களில் பூன் ஹாவ் சிங்கப்பூருக்கு வந்து, காரின் முகப்பில் புலித்தலை வைத்துக்கொண்டு ஊர் சுற்றினார். 1929-ல் ஒரு நாளிதழே தொடங்கினார், தன் விளம்பரத்துக்கு அடுத்தவன் பத்திரிகைக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று. 1935-ல் ஹாங்காங்கிலும் 1937-ல் சிங்கப்பூரிலும் சிமெண்டுச் சிலைகள் நிறைந்த புலித்தோட்டங்கள் கட்டினார். சிங்கப்பூர்த் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன். நரகத்தின் பத்து நீதிமன்றங்கள், ரத்தம், ரம்பம், கொதிக்கும் எண்ணெய். தலைவலிக் களிம்பின் லேபிள் ஒரு மலைச்சரிவு முழுக்கப் பரந்து கிடக்கிறது. பார்த்துவிட்டு வரும்போது தலைவலித்தது, களிம்பு வாங்கினேன்.

கோடாலியும் இதே ஊர்க்காரர்தான். 1928-ல் லியோங் யுன் சீ என்பவர் சிங்கப்பூரில் தொடங்கினார். வேடிக்கை என்னவென்றால் செய்முறை கொடுத்தது ஷ்மைட்லர் என்ற ஜெர்மன் மருத்துவர். ஆக நம் அம்மாவின் சீனத் தைலம் பாதி ஜெர்மன். யேல் டாக்டர் பொய், இவர் நிஜம்! சிங்கப்பூர்த் துறைமுகத்தில் அன்றைக்குச் சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று மூட்டை தூக்கிய எல்லோருக்கும் ஒரே எழுத்தில் எதையும் சொல்லிவிட முடியாது. கோடாலி எல்லோர் வீட்டிலும் உண்டு. மலாய்க்காரர்கள் இதைச் 'சாப் காப்பாக்' எண்ணெய் என்கிறார்கள். காப்பாக் என்றால் கோடாலி. சாப் என்றால் முத்திரை. அந்தச் சாப் இந்தியக் கரையிலிருந்து போன சொல். நாம் சாப்பா குத்துவது என்கிறோமே, அதே சாப்பா. சீன மருந்து, ஜெர்மன் செய்முறை, மலாய்ப் பேச்சில் இந்தியச் சொல். இதைக் கண்டுபிடித்த அன்று அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "அதுக்கு என்ன இப்போ?" என்றார்.

1949க்குப் பிறகு சீனாவில் தனியார் கடைகள் அரசோடு சேர்க்கப்பட்டன. கலாச்சாரப் புரட்சியில் தோங் ரென் தாங்கின் பழைய பெயர்ப்பலகை 1966-ல் இறக்கப்பட்டது, 'பெய்ஜிங் சீன மருந்துக்கடை' என்று புதுப் பெயர். 1979-ல்தான் பழைய பெயர் திரும்பி வந்தது. இருநூறு, முந்நூறு வருடம் ஒரு பெயரை நம்பிக் கட்டிய வியாபாரத்திலிருந்து பெயரைப் பிடுங்குவதைவிடக் கொடிய டிசைன் மாற்றம் எனக்குத் தெரியாது.

இப்போது வேறு வகைக் கட்டுப்பாடு. 2006-ல் வந்த அரசு விதி, மருந்து லேபிளில் பொதுப்பெயர்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்கிறது. கம்பெனி வைக்கும் வியாபாரப் பெயரின் எழுத்து அதில் பாதிக்கு மேல் போகக்கூடாது, பதிவுபெற்ற மார்க்கில் எழுத்து இருந்தால் கால்வாசிக்கு மேல் கூடாது. எழுத்து கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருக்க வேண்டும். பழைய முத்திரை எழுத்தும் கிறுக்கெழுத்தும் படிக்கக் கஷ்டம் என்று தடை. ஆயிரம் வருடமாக எந்த எழுத்துக் கலையை வைத்து "நான் பழைய கடை" என்று சொன்னார்களோ, அதைப் பொதுப்பெயரில் போடக்கூடாது. படிக்க முடிய வேண்டும் என்பது நியாயம்தான். ஒரு டிசைனராக எனக்கு வயிற்றெரிச்சலும் நியாயம்தான்.

எழுத்து போனால் போகட்டும், நிறம் இருக்கிறதே என்றால், அதற்கும் சண்டை. வோங் லோ காட் என்பது 1828-லிருந்து குவாங்சோவில் இருக்கும் மூலிகைத் தேநீர். பெயர் அரசுக் கம்பெனியிடம், பச்சை அட்டைப் பெட்டியில் விற்றார்கள். சிவப்பு டின்னில் மஞ்சள் எழுத்தைச் செங்குத்தாகப் போட்டு நாடு முழுக்கக் கொண்டுபோனது, அந்தப் பெயரை வாடகைக்கு எடுத்த ஒரு தனியார் கம்பெனி. 2012-ல் பெயர் அரசுக் கம்பெனிக்கே என்று நடுவர் தீர்ப்பு வந்தது. சரி, பெயர் போச்சு. அந்தச் சிவப்பு டின் யாருடையது? 2014-ல் குவாங்டாங் நீதிமன்றம் டின்னும் அரசுக் கம்பெனிக்கே, 15 கோடி யுவான் நஷ்டஈடும் கொடு என்றது. தனியார்காரர்கள் 2015-ல் தங்க நிற டின்னுக்கு மாறினார்கள். 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பியது: அந்தச் சிவப்பு டின்னின் புகழுக்கு இரண்டு பேரும் உழைத்திருக்கிறார்கள், இரண்டு பேரும் பயன்படுத்தலாம். ஒரே மாதிரி டின், இரண்டு பெயர், இரண்டும் அசல்!

இன்னொரு வேடிக்கை. பக்கவாதம் என்றால் சீனர்கள் நம்பும் ஆன்கோங் மாத்திரையில் முன்பெல்லாம் காண்டாமிருகக் கொம்பு சேர்ப்பார்கள். 1993-ல் அந்த வியாபாரத்தைச் சீன அரசு தடை செய்தது, அதற்குப் பதில் எருமைக்கொம்பு வந்தது. அதனால் 1993க்கு முந்திய மாத்திரைகளை வாங்கிச் சேர்க்கிறவர்கள் உண்டு. எதை வைத்து அது பழையது என்று தெரிந்துகொள்கிறார்கள்? பெட்டியை வைத்துத்தான். தாளின் மஞ்சள், அச்சு மையின் மங்கல், முத்திரையின் அளவு. போலிக்காரர்களும் அதையே செய்கிறார்கள், பழைய பெட்டியைப் புதிதாக அச்சடிக்கிறார்கள். கொம்புப் போலி பெட்டிப் போலி ஆயிற்று.

போன மாதம் நாகர்கோவில் பக்கத்து வலித்தைலக்காரர் ஒருவருக்குப் பெட்டி போட்டுக் கொடுத்தேன். இவ்வளவு படித்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? கைப்பழக்கம் விடவில்லை. வெள்ளைப் பெட்டி, நடுவில் மெல்லிய எழுத்தில் பெயர், கீழே ஒரு கோடு, சுற்றிலும் இடம். மாதிரியை அம்மாவிடம் காட்டினேன். நாலு பக்கமும் திருப்பினார், அடியைப் பார்த்தார், மூடியைத் திறந்து உள்பக்கத்தையும் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா கடையில போயி என்னன்னு கேக்குறது?"

பதில் சொல்லத் தெரியவில்லை. தைலக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, உங்க வீட்டுல, ஊருல எல்லாருக்கும் தெரிஞ்ச பொருள் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். ஒரு நாள் யோசித்துவிட்டு அவருடைய தாத்தாவின் போட்டோவை அனுப்பியிருக்கிறார். காலரை இறுக்கிப் பூட்டியிருக்கிறார், சிரிக்கவில்லை. மீசை பிரமாதம்.